மயக்கம் தெளியும்போது: மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனின் கதை

இந்த எபிசோடு ஒரு கையெழுத்தைப் பற்றியது.

1970-களின் ஆரம்பம். அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்குக் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுதுன்னு வெச்சுக்குவோம். டாக்டரைப் பார்க்கிறாங்க. ஆஸ்பத்திரியில் சேரச் சொல்றாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு படிவம் நீட்டுறாங்க, அவங்க கையெழுத்துப் போடுறாங்க.

அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் என்ன தெரியுமா? முதலில் மயக்க மருந்து கொடுப்பாங்க. கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து, அதை உறையவெச்சு, மெல்லிசா சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாங்க. சில நிமிஷத்தில் பதில் வந்துடும். புற்றுநோய் இல்லைன்னா தையல் போட்டு அனுப்பிடுவாங்க. புற்றுநோய்னா, அந்தப் பெண்ணை எழுப்பிச் சொல்ல மாட்டாங்க. அதே மயக்கத்தில், அதே மேஜையில், மார்பகம் மொத்தத்தையும் எடுத்துடுவாங்க. மார்புத் தசைகளையும் சேர்த்து எடுக்கிறதுதான் அப்போ பரவலான வழக்கம்.

அவங்க கண் முழிச்சதும் முதலில் செய்யறது, கையால் மார்பைத் தொட்டுப் பார்க்கிறது. கட்டு எவ்வளவு பெரிசா இருக்குங்கறதை வெச்சுத்தான் தனக்குப் புற்றுநோய் இருக்கா இல்லையான்னே தெரியும்.

இது யாரோ ஒரு கெட்ட டாக்டர் செஞ்ச வேலை இல்லை. பல பத்தாண்டுகளா அமெரிக்காவில் இதுதான் வழக்கமான, நல்ல, பொறுப்பான வைத்தியம். இது எப்படி வந்தது, எப்படிப் போச்சு? அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

மயக்க மருந்துக்கு முன்னாடி

கொஞ்சம் பின்னாடி போவோம். 1811 செப்டம்பர் 30, பாரிஸ். ஃபேனி பர்னி, அந்தக் காலத்து இங்கிலாந்தின் பிரபல நாவலாசிரியை. கணவர் பிரெஞ்சுக்காரர் என்பதால் பாரிஸில் இருக்காங்க. வலது மார்பில் கட்டி. ஆபரேஷன் செய்யப்போறவர் டொமினிக் ழான் லாரே, நெப்போலியன் படையின் தலைசிறந்த சர்ஜன்.

ஈதர் மயக்க மருந்தை அமெரிக்காவின் பாஸ்டனில் எல்லார் முன்னாடியும் வெற்றிகரமாகக் காட்டினது 1846-ல். அதாவது இன்னும் 35 வருஷம் இருக்கு. பர்னிக்குக் கிடைச்சது கொஞ்சம் மது, முகத்தை மூட ஒரு மெல்லிய கைக்குட்டை. அந்தத் துணி வழியா கத்தி மின்னுறது தெரிஞ்சது. ஆபரேஷன் முடியற வரை பெரும்பாலும் நினைவோடதான் இருந்தாங்க.

பிறகு தன் சகோதரிக்கு ஒரு நீண்ட கடிதத்தில் இதையெல்லாம் எழுதினாங்க. எழுதி முடிக்கவே மாசக்கணக்காச்சு. நினைச்சாலே தலை வலிக்குதுன்னு நடுநடுவில் நிறுத்திடுவாங்க. ஒரு நோயாளி தன் ஆபரேஷனைத் தானே சொன்ன மிகப் பழைய பதிவுகளில் இது ஒண்ணு. அதுக்கப்புறம் 28 வருஷத்துக்கு மேல வாழ்ந்து, 1840-ல் இறந்தாங்க. அந்தக் கட்டி உண்மையிலேயே புற்றுநோய்தானான்னு இன்னைக்கு உறுதியா சொல்ல முடியாது. திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயை உறுதி செய்யற வழக்கம் அப்போ வரவே இல்லை.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த வலி பயங்கரம்தான். ஆனா என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். 1970-ல் அமெரிக்கப் பெண்ணுக்கு வலி இல்லை. தெரிஞ்சுக்கிற உரிமையும் இல்லை.

வேரோடு பிடுங்கும் தத்துவம்

மயக்க மருந்து வந்தாச்சு. 1867-ல் ஜோசஃப் லிஸ்டர் கிருமிநாசினி முறையை அறிமுகப்படுத்தினார். இந்த ரெண்டும் சேர்ந்ததும் சர்ஜன்களுக்கு நேரம் கிடைச்சது. ஓடி ஓடி வெட்ட வேண்டியதில்லை. நிதானமா, ஆழமா வெட்டலாம்.

இங்கேதான் வில்லியம் ஹால்ஸ்டெட் வர்றார். நியூயார்க்கில் பிறந்து, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் பேர் வாங்கினவர். கொக்கெய்னை மரத்துப்போகும் மருந்தா தன் மேலேயே சோதிச்சுப் பார்த்து, அதுக்கே அடிமையானவர். ஆபரேஷன் தியேட்டரில் ரப்பர் கையுறை வந்ததும் இவரால்தான். கிருமிநாசினி பட்டு ஒரு நர்ஸோட கையில் புண் வந்ததால், அவங்களுக்காகவே மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். அந்த நர்ஸைத்தான் 1890-ல் கல்யாணமும் செஞ்சுக்கிட்டார்.

ஹால்ஸ்டெட் ரொம்ப மென்மையாக, நிதானமாக வேலை செய்யற சர்ஜன். சிக்கல் அவர் கையில் இல்லை, அவர் தத்துவத்தில் இருந்தது. புற்றுநோய் ஒரு இடத்தில் ஆரம்பிச்சு, வட்டம் வட்டமா வெளிப்பக்கம் பரவுதுன்னு அவர் நம்பினார். அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் வடிகட்டி மாதிரி அதைக் கொஞ்ச காலம் தடுத்து நிறுத்தும். அப்படின்னா தீர்வு சுலபம்: நோய் போன எல்லையைத் தாண்டி வெட்டணும். மார்பகம், கீழே இருக்கும் மார்புத் தசைகள், அக்குள் முடிச்சுகள், எல்லாத்தையும் ஒரே துண்டா எடுக்கணும். இதுக்குப் பேர் ராடிகல் மாஸ்டெக்டமி. 'ராடிகல்' என்ற வார்த்தையின் லத்தீன் மூலத்துக்கு அர்த்தமே வேர்தான். வேரோடு பிடுங்கறது.

1894-ல் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். வெட்டின இடத்திலேயே நோய் திரும்பி வந்தது 3 பேருக்குத்தான், அதாவது 6 சதவீதம். அப்போ ஐரோப்பாவின் பெரிய சர்ஜன்கள் கணக்கில் இது பாதிக்கும் மேலே இருந்தது. மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துவோம். ஏன்னா மொத்தக் கதையின் முடிச்சும் இங்கேதான் இருக்கு. 'வெட்டின இடத்தில் திரும்ப வரலை' என்பதும், 'நோயாளி பிழைச்சுட்டார்' என்பதும் ஒண்ணு இல்லை. ஒரு திருடன் உங்க வீட்டுக்குத் திரும்ப வரலைன்னா ஊரில் திருட்டே நின்னுடுச்சுன்னு அர்த்தமா? அவன் எப்பவோ அடுத்த தெருவுக்குப் போயிருக்கலாம். மார்பில் திரும்ப வராத அதே நோய் எலும்பில், கல்லீரலில், நுரையீரலில் வந்துச்சு. ஆபரேஷன் எவ்வளவு பெரிசுங்கறதைவிட, நோய் ஏற்கெனவே முடிச்சுகளுக்குப் பரவியிருந்ததாங்கறதுதான் ஆயுளைத் தீர்மானிக்குதுன்னு ஹால்ஸ்டெட்டின் பிற்காலக் கணக்குகளே காட்டின. ஆனா அதிலிருந்து அவருடைய வழியில் வந்தவங்க எடுத்த பாடம், 'இன்னும் அதிகமா வெட்டணும்' என்பதுதான்.

1950-களில் சில சர்ஜன்கள் விலா எலும்பின் பகுதிகளையும் அதுக்குப் பின்னாடி இருக்கும் முடிச்சுகளையும் சேர்த்தே எடுத்தாங்க. இதுக்குப் பெண்கள் கொடுத்த விலை: குழிவிழுந்த நெஞ்சு, தூக்க முடியாத தோள், நிணநீர் வடிய வழியில்லாமல் வாழ்நாள் முழுக்க வீங்கியே இருக்கும் கை.

கேட்காமல் போன குரல்கள்

மாற்றுக் கருத்தே இல்லாமல் இல்லை. ஹால்ஸ்டெட்டின் புகழ்பெற்ற கட்டுரைக்கு 5 வருஷம் முன்னாடி, 1889-ல், லண்டனில் ஸ்டீஃபன் பாஜெட் என்ற சர்ஜன் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் படிச்சார். நோய் பக்கத்தில் இருக்கும் உறுப்புக்கு வரிசையா பரவலை. கல்லீரலை அடிக்கடி தேர்ந்தெடுத்தது, மண்ணீரலை விட்டுட்டது. விதை எங்க வேணா விழலாம், ஏத்த மண்ணில்தான் முளைக்கும்னு அவர் விளக்கம் சொன்னார். வட்டம் வட்டமா பரவுதுங்கற கணக்கு இதோடு ஒத்துப்போகவே இல்லை.

1896-ல் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் இன்னொண்ணு காட்டினார். சினைப்பையை எடுத்தா, சில பெண்களுக்கு மார்பில் இருக்கும் புற்றுநோய் சுருங்குது! அதாவது இந்த நோய் உடம்பின் ஹார்மோனோடு பேசிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு லட்சக்கணக்கான பெண்கள் சாப்பிடும் டமாக்சிஃபென் மாத்திரையின் வேர் இந்த இடத்தில்தான்.

1920-களில் லண்டனில் ஜெஃப்ரி கெயின்ஸ் (ஆமா, பொருளாதார மேதை கெயின்ஸின் தம்பிதான்) கட்டியை மட்டும் எடுத்து, ரேடியம் ஊசிகளால் சிகிச்சை கொடுத்தார். பலன் மோசமில்லை. ஆனா அமெரிக்க சர்ஜன்கள் அதைப் பெரிசா எடுத்துக்கலை. கட்டியை மட்டும் எடுக்கிற ஆபரேஷனுக்கு இன்னைக்குப் பேர் லம்பெக்டமி. அந்தப் பேரே முதலில் கிண்டலா வந்ததுன்னு சொல்லுவாங்க.

கிளீவ்லேண்டில் ஜார்ஜ் கிரைல் ஜூனியர் 1950-களின் நடுவில் ராடிகல் ஆபரேஷனையே விட்டுட்டார். பொதுமக்கள் படிக்கற மாதிரி புத்தகமும் எழுதினார். சக டாக்டர்களுக்கு அது பிடிக்கலை. ஆனா கிரைலிடமும் ஒரு குறை இருந்தது. அவர் காட்டினதும் 'என் நோயாளிகள்' கணக்குதான். ஹால்ஸ்டெட் தரப்பும் 'எங்க நோயாளிகள்' கணக்கு. ரெண்டு பேரும் வேற வேற மாதிரி நோயாளிகளைப் பார்த்திருக்கலாம் இல்லையா? யார் சரின்னு எப்படித் தெரியும்?

சீட்டுக் குலுக்கல்

அதுக்கு ஒரே வழிதான். ஒரே மாதிரி நோய் இருக்கும் பெண்களை, சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி பிரிச்சு, வேற வேற சிகிச்சை கொடுத்து, பல வருஷம் காத்திருந்து எண்ணணும்.

இதைச் செஞ்சவர் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த பெர்னார்ட் ஃபிஷர். அவரும் நோயியல் நிபுணரான அவர் சகோதரர் எட்வினும் சேர்ந்து விலங்குகளில் சோதனை செஞ்சு பார்த்திருந்தாங்க. புற்றுநோய் செல்கள் நிணநீர் முடிச்சில் நிக்கலை. தாண்டிப் போச்சு. ரத்தத்துக்கும் நிணநீருக்கும் நடுவில் போய் வந்துக்கிட்டு இருந்தது. அப்போ கட்டி கண்ணுக்குத் தெரியும்போதே பல பேருக்கு நோய் உடம்பு முழுக்க விதைச்சிருக்கலாம். அப்படியிருந்தா தசையை வெட்டி என்ன பிரயோஜனம்?

1971-ல் ஆராய்ச்சி தொடங்கினது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,665 பெண்கள் சேர்ந்தாங்க. ராடிகல் மாஸ்டெக்டமி ஒரு பக்கம், தசையை விட்டுட்டு மார்பகத்தை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் இன்னொரு பக்கம். ஆள் சேர்க்கிறது சுலபமா இல்லை. 'எது நல்லதுன்னு எனக்கே தெரியாது'ன்னு நோயாளியிடம் சொல்ல பல சர்ஜன்களுக்கு வாய் வரலை.

முடிவு? உயிர் பிழைக்கிறதில் வித்தியாசமே இல்லை. முதல் கணக்கிலும் இல்லை, 2002-ல் வெளியான 25 வருஷக் கணக்கிலும் இல்லை. பெண்கள் இழந்த அந்தத் தசை, அந்தத் தோள் எல்லாம் ஒரு நாள்கூட ஆயுளைக் கூட்டலை.

அடுத்து 1976-ல் இன்னொரு ஆராய்ச்சி. மார்பகத்தையே எடுக்கணுமா, கட்டியை மட்டும் எடுத்தா போதாதா? 1985-ல் வந்த பதில்: உயிர் பிழைக்கிற வாய்ப்பு சமம்தான். ஆனா ரேடியேஷன் முக்கியம். 20 வருஷக் கணக்கில், லம்பெக்டமியோடு ரேடியேஷன் எடுத்தவங்களில் 14.3 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பினது, எடுக்காதவங்களில் 39.2 சதவீதம். இத்தாலியின் மிலானில் உம்பர்ட்டோ வெரோனேசி 701 பெண்களோடு தனியா நடத்தின ஆராய்ச்சியும் சின்ன ஆபரேஷன் போதும்னுதான் சொல்லிச்சு.

இந்தக் கதையில் ஃபிஷர் பேர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. எனக்கு அந்த 1,665 பேர்தான் மனசில் நிக்கறாங்க. உயிர் போற பயத்தில், எந்தச் சிகிச்சை வரும்னு தெரியாமல் சம்மதம் சொன்னவங்க. நம்ம அம்மா, அத்தைகளுக்கு இன்னைக்கு எவ்வளவு வெட்டணும்ங்கற கணக்கு அவங்க உடம்பில் எழுதினது.

முடிவு யாருடையது?

ஆனா அறிவியல் மட்டும் வந்து அந்தக் கையெழுத்தை மாத்திடலை. அதுக்குக் கேள்வி கேட்க ஆள் வேணும்.

ரோஸ் குஷ்னர் வாஷிங்டன் பக்கத்தில் வாழ்ந்த பத்திரிகையாளர். 1974 ஜூனில் அவங்க மார்பில் கட்டி. நூலகத்துக்குப் போய்ப் படிச்சாங்க. ஐரோப்பாவில் சின்ன ஆபரேஷன்கள் நடக்குதுன்னு தெரிஞ்சுது. பிறகு சர்ஜன்களுக்குப் போன் போட்டாங்க. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: 'பயாப்ஸி மட்டும் செய்யுங்க, என்னை எழுப்புங்க, மிச்சத்தை அப்புறம் முடிவு பண்ணலாம்.' சர்ஜனுக்கு மேல் சர்ஜன் மாட்டேன்னு சொன்னாங்க. பல பேரைக் கேட்ட பிறகுதான் ஒருத்தர் ஒத்துக்கிட்டார். புற்றுநோய்னு தெரிஞ்சதும், தசையை எடுக்காத ஆபரேஷன் செய்யற சர்ஜனைத் தேடி பஃபலோ நகரம் வரை போனாங்க.

அதே வருஷம் செப்டம்பர் 28. அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு பெதஸ்டா கடற்படை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அதே பழைய முறை: ஒரே மயக்கம், பயாப்ஸி, உடனே ராடிகல் மாஸ்டெக்டமி. விஷயம் தெரிஞ்ச குஷ்னர் முன்கூட்டியே வெள்ளை மாளிகைக்குப் போன் பண்ணினாங்க. அவங்களை முதலில் எழுப்பிக் கேட்கச் சொல்லுங்கன்னு. முடிவை அதிபர் எடுத்தாச்சுன்னு பதில் வந்ததாம். உடம்பு பெட்டி ஃபோர்டுடையது, முடிவு கணவருடையது!

இதில் இன்னொரு விசித்திரம். ரெண்டே நாள் கழிச்சு, செப்டம்பர் 30, அதே பெதஸ்டாவில் ஃபிஷர் குழுவின் முதல்கட்ட முடிவுகள் டாக்டர்கள் கூட்டத்தில் வெச்சாங்க. ராடிகல் ஆபரேஷனால் கூடுதல் பலன் தெரியலைன்னு.

பெட்டி ஃபோர்டைக் குறைச்சுச் சொல்ல நான் இதைச் சொல்லலை. அவங்க இதை ஒளிக்காமல் நாட்டுக்கே சொன்னாங்க. 1950-களில் பத்திரிகையில் 'மார்பகம்', 'புற்றுநோய்' ரெண்டு வார்த்தையையும் அச்சிடவே கூச்சப்பட்ட நாடு அது. அவங்க சொன்ன பிறகு பரிசோதனைக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை எகிறிச்சு. அமைதியை உடைச்சவங்க பெட்டி ஃபோர்டு, கேள்வியைக் கேட்டவங்க குஷ்னர். ரெண்டும் தேவைப்பட்டது.

குஷ்னர் 1975-ல் தன் அனுபவத்தையும் ஆராய்ச்சியையும் சேர்த்துப் புத்தகம் போட்டாங்க. 1979 ஜூனில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர் குழு ஒண்ணைக் கூட்டினது. அதில் குஷ்னரும் இருந்தாங்க. ராடிகல் மாஸ்டெக்டமி இனி வழக்கமான சிகிச்சை இல்லை, பயாப்ஸியும் ஆபரேஷனும் ரெண்டு தனித்தனிப் படியா நடக்கணும்னு முடிவாச்சு. ஹால்ஸ்டெட் தொடங்கி கிட்டத்தட்ட நூறு வருஷம்.

1990 ஜனவரியில் குஷ்னர் அதே நோயால் இறந்தாங்க. சின்ன ஆபரேஷன் செஞ்சதால் இல்லை. எவ்வளவு வெட்டினாலும் சில பேருக்கு நோய் முந்திக்குது. அதைத்தானே ஃபிஷரின் கணக்கும் சொன்னது.

கதை இங்கே முடியலை

'தைரியமான நோயாளிகள் ஜெயிச்சாங்க, பிடிவாத டாக்டர்கள் தோத்தாங்க'ன்னு முடிச்சா சினிமா மாதிரி நல்லா இருக்கும். ஆனா அடுத்த ரெண்டு சம்பவம் அப்படி முடிக்க விடாது.

ஒண்ணு, 1994. ஃபிஷரின் ஆராய்ச்சியில் பங்கெடுத்த மாண்ட்ரியால் டாக்டர் ஒருத்தர், தகுதி இல்லாத நோயாளிகளைச் சேர்க்க தேதிகளையும் விவரங்களையும் திருத்தியிருந்தது பத்திரிகையில் வந்தது. லம்பெக்டமி செஞ்சுக்கிட்ட பெண்கள் எல்லாம் அதிர்ந்து போனாங்க. நான் தப்பா முடிவெடுத்துட்டேனா? ஃபிஷரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கினாங்க. அந்த நோயாளிகளை விட்டுட்டுத் திரும்பக் கணக்குப் போட்டாங்க. முடிவு மாறலை. ஃபிஷர் வழக்குப் போட்டார். 1997-ல் மன்னிப்பும் இழப்பீடும் கிடைச்சது. ஆனா இத்தனை நாள் அந்த விஷயம் பொதுவில் வராமல் இருந்ததுக்குப் பெண்கள் கோபப்பட்டது நியாயம்தான்.

இன்னொண்ணு, 1990-கள். இந்தத் தடவை கத்தி இல்லை, கீமோ. எலும்பு மஜ்ஜையே அழியற அளவுக்கு மருந்து கொடுத்து, பிறகு நோயாளியின் சொந்தச் செல்களைத் திருப்பி ஏத்துறது. 'அதிகம் கொடுத்தா அதிகம் குணமாகும்' என்ற அதே ஹால்ஸ்டெட் கணக்கு. இப்போ இதைக் கேட்டுப் போராடினது நோயாளிகள். இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்ததுக்காக கலிஃபோர்னியாவில் ஒரு குடும்பம் வழக்குப் போட்டு, 1993-ல் ஜூரி 8.9 கோடி டாலர் தீர்ப்புக் கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் இந்தச் சிகிச்சை எடுத்தாங்க. 1999-ல் ஆராய்ச்சி முடிவுகள் வந்தப்போ பெரும்பாலானவை பலன் இல்லைன்னு சொன்னது. பெரிய பலன் காட்டினது தென்னாப்பிரிக்க ஆராய்ச்சி ஒண்ணுதான். நேரில் போய்ப் பதிவுகளைச் சோதிச்சப்போ அது பொய்க் கணக்குன்னு தெரிஞ்சது.

நோயாளிக்குக் குரல் வேணும். ஆனா குரல் மட்டும் ஆதாரம் ஆகிடாது. டாக்டரின் நம்பிக்கையும் ஆதாரம் ஆகிடாது. ஹால்ஸ்டெட் பொய் சொல்லலை. அவர் தப்பான கேள்விக்குச் சரியா பதில் சொன்னார்.

இன்னைக்கு

இப்போ கட்டி இருந்தா முதலில் ஊசி வழியா பயாப்ஸி. நீங்க முழிச்சிருக்கும்போதே முடிஞ்சுடும். ரிசல்ட்டில் புற்றுநோயா இல்லையாங்கறது மட்டும் இல்லை. ஹார்மோன் ஏற்பி இருக்கா, ஹெர்-2 இருக்காங்கறதும் வரும். சிகிச்சையின் பெரும்பகுதியை அதுதான் தீர்மானிக்குது. அக்குளில் எல்லா முடிச்சையும் எடுக்காமல், முதலில் நிணநீர் போய்ச் சேரும் ஒண்ணு ரெண்டை மட்டும் எடுத்துப் பார்க்கிற முறையும் 1990-களிலிருந்து வந்தாச்சு.

ஆனா நம்ம ஊரில் ஒரு கணக்கு பாக்கி இருக்கு. லம்பெக்டமின்னா பொதுவா ரேடியேஷனும் சேர்ந்துதான். அதுக்கு வாரக்கணக்கில் மெஷின் இருக்கும் ஊருக்குப் போகணும். கூலி வேலையை விட்டுட்டு, பஸ் ஏறி, தங்க இடம் தேடி. அதனாலேயே மார்பகத்தை முழுசா எடுத்துடுங்கன்னு சொல்ற பெண்கள் இருக்காங்க. தாமதமா வர்றதால் வேற வழி இல்லாதவங்களும் இருக்காங்க. படிவத்தில் இப்போ அவங்களே யோசிச்சுக் கையெழுத்துப் போடுறாங்க, உண்மை. ஆனா அந்த முடிவை எழுதறது நோயா, பஸ் கட்டணமான்னு கேட்க வேண்டியிருக்கு.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ கட்டி தெரிஞ்சா தள்ளிப்போடாதீங்க, போய்க் காட்டுங்க. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. புற்றுநோய்னு வந்தாலும், 'எனக்கு என்னென்ன வழி இருக்கு, ஏன் இது?'ன்னு கேளுங்க. இன்னொரு டாக்டரிடமும் கேளுங்க. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பெண் எத்தனை சர்ஜனுக்குப் போன் போட வேண்டியிருந்ததுன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.